பாடல் கோப்புகளின் டேக்: எங்கே இருக்கிறது, எதைக்கொண்டு திருத்துவது?

கோப்பின் பெயரை மாற்றியாயிற்று. ஆனால் பிளேயரில் திறந்தால் பழைய பெயரே நிற்கிறது. கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அறியப்படாதவர்' என்று வருகிறது. பன்னிரண்டு பாடல்கள் கொண்ட ஓர் ஆல்பம், ஏழெட்டு ஆல்பங்களாகச் சிதறிக் கிடக்கிறது. இதைச் சரிசெய்ய ஒரு மென்பொருளைத் தேடினால் இருபது பெயர்கள் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன்னை 'எளிமையானது' என்றே சொல்லிக்கொள்கிறது.

எதை எடுப்பது என்ற குழப்பத்துக்கு மென்பொருள்களின் எண்ணிக்கைதான் காரணம் என்று தோன்றும். சிக்கல் அதற்கும் ஒரு படி கீழே, கோப்பின் உள்ளே இருக்கிறது. அங்கே என்ன எழுதப்பட்டிருக்கிறது, யார் அதைப் படிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அந்த இருபதில் பெரும்பாலானவற்றை யோசிக்காமலே ஒதுக்கிவிடலாம்.

## ஒரு பாடலின் பெயர் மூன்று இடங்களில் இருக்கிறது

1. கோப்பின் பெயர். கோப்புறையைத் திறந்தால் கண்ணில் படுவது. இது இயங்குதளத்தின் பொறுப்பு. பெரும்பாலான பிளேயர்கள் வேறு வழியே இல்லாதபோதுதான் இதைப் பார்க்கின்றன.

2. டேக். கோப்புக்கு உள்ளேயே, ஒலித் தரவுக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிவைக்கப்பட்டிருக்கும் விவரம்: தலைப்பு, கலைஞர், ஆல்பம், ஆண்டு, தட எண் (ஆல்பத்தில் பாடலின் வரிசை எண்), வகை, அட்டைப்படம். மெட்டாடேட்டா என்று சொல்வது இதைத்தான். கோப்பை வேறொரு கருவிக்கு நகலெடுத்தால் இதுவும் கூடவே போகும்.

3. பிளேயரின் தரவுத்தளம். பெரும்பாலான பிளேயர்கள் ஒவ்வொரு முறையும் கோப்புகளைத் திறந்து பார்ப்பதில்லை. ஒருமுறை டேக்குகளைப் படித்துத் தம்மிடம் குறித்துவைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பைத்தான் திரையில் காட்டுகின்றன.

'மாற்றினேன், ஆனால் மாறவில்லை' என்ற புகார்கள் பல, இந்த மூன்றில் ஒன்றைத் திருத்திவிட்டு இன்னொன்றில் பலனை எதிர்பார்ப்பதால் வருபவை. பெயரை மட்டும் மாற்றியிருந்தால் டேக் அப்படியே இருக்கும். டேக்கை மாற்றியும் பிளேயர் பழையதையே காட்டினால், அது நூலகத்தை, அதாவது தன் பாடல் தொகுப்பை, மறுபடி வருடிப் (ஸ்கேன் செய்து) பார்க்கவில்லை என்று பொருள். இந்த இரண்டாவது வகைக்குப் புதிய மென்பொருளைத் தேடி ஒரு பயனும் இல்லை.

டேக்கைத் திருத்தினால் ஒலியின் தரம் குறையுமா என்ற பயம் பலருக்கு உண்டு. குறையாது. டேக் தனிப் பகுதி. அதை மாற்றும்போது ஒலி மறுபடி குறியாக்கம் செய்யப்படுவதில்லை. தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் இதைச் சோதித்தே பார்க்கலாம். ஒலித் தரவிலிருந்து கணக்கிட்ட, எம்டி5 எனப்படும் சரிபார்ப்பு எண் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கிறது. டேக்கை எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் ஒலியோடு பொருந்தியே நிற்கும்.

## டேக் என்பது ஒரே பொருள் இல்லை

எம்பி3 வடிவத்தை உருவாக்கியவர்கள் பாடலின் பெயரை எழுத அதில் ஓர் இடம் ஒதுக்கவில்லை. 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். கோப்பின் கடைசியில் 128 பைட்டுகளை ஒட்டிவிடுவது. ஐடி3 என்ற டேக் முறையின் முதல் பதிப்பு அதுதான். அடையாளத்துக்கு 3 பைட், தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1. கூட்டினால் சரியாக 128. தட எண்ணுக்கு இடமில்லை என்பது பிறகுதான் உறைத்தது. 1997-இல் குறிப்புப் பகுதியின் கடைசி இரண்டு பைட்டுகளை எடுத்து அதற்குக் கொடுத்தார்கள். வகைக்கு இருந்த ஒரே பைட்டில் எண் மட்டுமே எழுத முடியும். அந்த எண்ணுக்கு எந்த இசை வகை என்பது தனியே ஒரு நிலையான பட்டியல்.

1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு பெயரில்தான் தொடர்ச்சி. அமைப்பு முழுக்க வேறு. இது கோப்பின் தொடக்கத்தில் உட்காரும். ஒவ்வொரு விவரமும் 'ஃபிரேம்' எனப்படும் தனிப் பெட்டியில் இருக்கும். நீளத்துக்குப் பழைய நெருக்கடி இல்லை. படமும் பாடல் வரிகளும் சேர்க்கலாம். 1999-இல் வந்த 2.3, 2000-இல் வந்த 2.4 என்ற இரண்டு உட்பதிப்புகள்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

எம்பி3-க்கு வெளியே கதை வேறு. ஃபிளாக், ஆக் வோர்பிஸ், ஓபஸ் ஆகிய ஒலி வடிவங்கள் 'வோர்பிஸ் காமென்ட்' என்ற முறையைப் பயன்படுத்துகின்றன: புலத்தின் பெயர் (புலம் என்பது தலைப்பு, கலைஞர் போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும் உரிய இடம்), சமக் குறி, மதிப்பு, அவ்வளவுதான். எழுத்தெல்லாம் யூடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடமுள்ள ஒருங்குறியை (யூனிகோட்) பைட்டுகளாக எழுதும் ஒரு முறை. ஒரே புலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கைக்கு அடக்கமான, குழப்பம் குறைந்த ஏற்பாடு இதுதான். எம்4ஏ கோப்புகளில் ஆப்பிள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை நடக்கிறது. வேவ் கோப்புகளில் டேக் எழுத முடியும் என்றாலும் எந்தப் பிளேயர் எதைப் படிக்கும் என்று நம்ப முடியாது. வேவ் கோப்புகளை டேக்கோடு சேமித்துவைக்க விரும்புகிறவர், தரம் துளியும் குறையாத ஃபிளாக்குக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

இதன் விளைவு: ஒரே எம்பி3 கோப்பில் கடைசியில் முதல் பதிப்பு, தொடக்கத்தில் இரண்டாம் பதிப்பு, சில வேளை ஏபிஇ என்ற மூன்றாவது டேக், எல்லாமே சேர்ந்து இருக்கலாம். மூன்றும் மூன்று பெயரைச் சொல்லலாம். கணினியில் ஒரு பெயரும் பழைய கார் ஸ்டீரியோவில் வேறு பெயரும் வருவதன் மர்மம் இதுதான். இரண்டாம் பதிப்பை மட்டும் திருத்தி, பின்னால் கிடக்கும் பழைய 128 பைட்டை எட்டிப் பார்க்காத மென்பொருள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்காது, வளர்க்கும்.

## தமிழ் எழுத்து எங்கே உடைகிறது

தமிழில் தலைப்பு எழுதி வைப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். மென்பொருள் தேர்வில் பெரும்பாலான அறிமுகக் கட்டுரைகள் தொடாமல் விடுவதும் இதைத்தான்.

முதல் பதிப்பு லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு அங்கே இடமே இல்லை. சில மென்பொருள்கள் அந்த 30 பைட்டுக்குள் யூடிஎஃப்-8 தமிழை வலிந்து திணிக்கும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். 'மழைக்காலம்' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். ம, ழ, ஐகாரக் குறி, க, புள்ளி, க, துணைக்கால், ல, ம, புள்ளி. பத்துக் குறியீடுகள், முப்பது பைட். இந்த ஒரே சொல்லோடு இடம் தீர்ந்துவிட்டது. அடுத்த சொல் இருந்தால் வெட்டுப்படும். பல நேரம் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்படும்.

இரண்டாம் பதிப்பில் நிலைமை மேல். 2.3-இல் ஒவ்வோர் எழுத்துப் பெட்டியும் தான் லத்தீனா, யூடிஎஃப்-16 என்ற இன்னோர் ஒருங்குறி முறையா என்று முதலிலேயே அறிவிக்கும். 2.4-இல் யூடிஎஃப்-8-உம் சேர்ந்தது. தமிழுக்கு இவற்றில் எதுவும் போதும். சிக்கல் வருவது, உள்ளே ஒன்றை எழுதிவிட்டு வெளியே 'லத்தீன்' என்று பொய்யாக அறிவிக்கும் மென்பொருள்களால். அப்போது திரையில் இரண்டு விதமான சேதம் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

1. வரிசையாகக் கேள்விக்குறிகள். எழுதிய மென்பொருள் தமிழைச் சேமிக்க முடியாமல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. மூல எழுத்து போய்விட்டது. திரும்பத் தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை.

2. தலைமேல் குறியிட்ட லத்தீன் எழுத்துகளும் சின்னங்களும் கலந்த குப்பை. இங்கே பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. அறிவிப்பு மட்டும் தவறு. எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறையை, அதாவது குறியாக்கத்தை, மாற்றிப் படிக்கும் வசதியுள்ள மென்பொருளால் முழு கோப்புறையையும் ஒரே வீச்சில் மீட்டுவிடலாம்.

இணையத்தின் தொடக்க காலத்தில் டிஸ்கி, டேப் போன்ற எட்டு பிட் குறியாக்கங்களில் எழுதப்பட்ட டேக்குகளும் இந்த இரண்டாவது வகையாகத்தான் தோன்றும். அவற்றை முதலில் ஒரு குறியாக்க மாற்றியில் இட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவர வேண்டும்; டேக் மென்பொருளை மட்டும் நம்பிப் பயனில்லை.

இன்னொரு சேதம் கண்ணுக்கே தெரியாது. 'கோபால்' என்ற பெயரில் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'க'வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக எழுதலாம், அல்லது முன்னால் வரும் ஏகாரக் கொம்பையும் பின்னால் வரும் துணைக்காலையும் தனித்தனியாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. எனவே நூலகத்தில் ஒரே பாடகர் இரண்டு முறை வருவார், ஒருவர் கீழ் ஒன்பது பாடல், மற்றவர் கீழ் நான்கு. ஒருங்குறி இந்த இரண்டு வடிவங்களையும் சமம் என்றே வரையறுத்திருக்கிறது. எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதியால் இது தீரும்.

'கௌரி' அப்படித் தீராது. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் 'ள' என்ற எழுத்தும் இட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் இது ஒருங்குறியின் கணக்கில் சமமில்லை, எழுத்துப் பிழை. 'ஸ்ரீ' என்பதிலும் இதே கதை: 'ஸ'வில் தொடங்கும் வரிசை ஒன்று, 'ஶ'வில் தொடங்கும் வரிசை ஒன்று, பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். இவற்றுக்கு மருந்து ஒன்றே: சரியான வடிவத்தை ஒருமுறை தட்டச்சு செய்து, அந்தப் பெயர் வரும் எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, மொத்தமாக மேலே ஒட்டுவது. ஒவ்வொரு கோப்பாகத் திறக்கச் சொல்லும் மென்பொருளில் இந்த வேலையைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

## ஆல்பம் ஏன் சிதறுகிறது

புலங்கள் பல இருந்தாலும் வம்பு செய்வது ஒன்றிரண்டுதான். முதலாவது 'ஆல்பம் கலைஞர்'. ஒரு திரைப்பட ஆல்பத்தில் ஒவ்வொரு பாடலையும் வெவ்வேறு பாடகர் பாடியிருப்பார். 'கலைஞர்' புலத்தில் பாடகர் பெயர் மட்டும் இருந்து, 'ஆல்பம் கலைஞர்' காலியாக இருந்தால், பல பிளேயர்கள் கலைஞர் பெயரை வைத்து ஆல்பத்தைப் பிரித்துவிடும். ஐந்து பாடகர் என்றால் ஐந்து ஆல்பம். எல்லாப் பாடல்களுக்கும் 'ஆல்பம் கலைஞர்' புலத்தில் ஒரே பெயரை இட்டால் எல்லாம் ஒன்றுசேரும். அது இசையமைப்பாளர் பெயராகவும் இருக்கலாம், 'பல்வேறு கலைஞர்கள்' என்றும் இருக்கலாம். எது என்பதைவிட எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் இருப்பதுதான் முக்கியம்.

ஐடி3-இல் இந்தப் புலத்துக்கென்று ஒரு பெட்டி வரையறுக்கப்படவே இல்லை. வாத்தியக் குழுவின் பெயருக்காக ஒதுக்கியிருந்த பெட்டியைப் பிளேயர்கள் இதற்கு எடுத்துக்கொண்டன. நாளடைவில் அதுவே வழக்கமாகிவிட்டது. அதனால்தான் சில பழைய, எளிய மென்பொருள்களில் இந்தப் புலம் திரையிலேயே வராது. அப்படிப்பட்டதை இந்த ஒரு காரணத்துக்காகவே நிராகரிக்கலாம்.

இரண்டாவது, ஒரு பாடலுக்கு இரண்டு கலைஞர்கள். 2.3 பதிப்பு பெயர்களைப் பிரிக்கச் சாய்கோட்டைப் பயன்படுத்துகிறது. 'ஏசி/டிசி' என்று பெயர் வைத்த குழுவை அது இரண்டு பேராக்கிவிடும். 2.4 இதைச் சரிசெய்தது. வோர்பிஸ் முறையில் இந்தப் பிரச்சினை முதலிலிருந்தே கிடையாது.

தட எண், டிஸ்க் எண் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எண்ணைப் புலத்தில் இடுங்கள், தலைப்பில் இடாதீர்கள்.

## 'எளிமை' என்றால் என்ன

பொத்தான்கள் குறைவாக இருப்பதை எளிமை என்று விளம்பரம் செய்கிறார்கள். டேக் விஷயத்தில் அது ஆபத்தான எளிமை. 'ஒரே சொடுக்கில் எல்லாம் சரி' என்று சொல்லும் மென்பொருள், ஐந்நூறு கோப்புகளில் எதை மாற்றியது என்று காட்டாமல் முடித்துவிட்டால், தவறைக் கண்டுபிடிக்கும் வேலை நம் தலையில் விழும். எழுதப்போவதை எழுதும் முன் காட்டுகிற மென்பொருளையே நான் எளிமையானது என்பேன். ஒன்றை நிறுவியவுடன் நான்கைந்து கோப்புகளின் நகலை வைத்துக் கீழே உள்ளவற்றைச் சோதிக்கலாம்.

1. ஒரு கோப்பில் எந்தெந்த டேக் பதிப்புகள் இருக்கின்றன என்று காட்டுகிறதா? எதை எழுதுவது, எதை நீக்குவது என்று தேர்ந்தெடுக்க விடுகிறதா?
2. பல கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒரு புலத்தை மட்டும் மாற்றினால், மற்றப் புலங்கள் தொடப்படாமல் இருக்கின்றனவா?
3. கோப்புப் பெயரிலிருந்து டேக், டேக்கிலிருந்து கோப்புப் பெயர் என்ற இரு திசை மாற்றமும் முன்னோட்டத்தோடு நடக்கிறதா?
4. தமிழில் எழுதிச் சேமித்து, வேறொரு பிளேயரில் திறந்தால் எழுத்து நிற்கிறதா?
5. தனக்குத் தெரியாத புலங்களை அழிக்காமல் விடுகிறதா? ஒலி அளவைச் சமன்செய்யும் 'ரீப்ளேகெயின்' விவரங்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

நான்காவதில் தோற்றால் மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம். ஐந்தாவதைச் சோதிக்க முதலில் ரீப்ளேகெயின் உள்ள ஒரு கோப்பு வேண்டும். அது இல்லாதவர் கவலைப்பட வேண்டியதில்லை.

## வேலைக்கு ஏற்ற கருவி

நான்கைந்து பாடல்கள் மட்டும் என்றால் எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸில் கோப்பின் பண்புகள் சாளரத்திலேயே தலைப்பு, கலைஞர், ஆல்பம் ஆகியவற்றைத் திருத்தலாம். மேக்கில் மியூசிக் செயலியில் திருத்தலாம். அது ஃபிளாக் கோப்புகளை ஏற்காது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

கோப்புறை கோப்புறையாக, கையால் திருத்த வேண்டும் என்றால் விண்டோஸில் எம்பி3டேக். ஃப்ளோரியன் ஹைடன்ரைக் என்பவர் நீண்ட காலமாகப் பராமரித்துவரும் மென்பொருள். விண்டோஸில் இலவசம், மேக் பதிப்புக்குக் கட்டணம். பெயரில் எம்பி3 இருந்தாலும் ஃபிளாக், எம்4ஏ, ஓபஸ் எல்லாம் கையாளும். இடப்பக்கம் புலங்கள், வலப்பக்கம் கோப்புப் பட்டியல். பல கோப்புகளைத் தேர்ந்தெடுத்தால், வேறுபடும் புலங்களில் 'அப்படியே வை' என்ற குறி நிற்கும். நாம் எழுதிய புலம் மட்டுமே மாறும். செய்ததைத் திரும்பப் பெறும் வசதியும், குறியாக்கத்தை மாற்றும் செயலும் இருக்கின்றன. விண்டோஸ் வைத்திருப்பவர் பெரும்பாலோருக்கு இதற்கு மேல் தேட வேண்டிய அவசியமில்லை.

லினக்ஸில் இதே அமைப்பை விரும்புகிறவர்களுக்கு பட்டில்டேக் இருக்கிறது. ஈசிடேக் இன்னும் பழையது, இன்னும் அடக்கமானது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு நான்கிலும் கிடைப்பது கிட்3. பார்வைக்கு அவ்வளவு கவர்ச்சியில்லை. ஆனால் முதல் பதிப்பையும் இரண்டாம் பதிப்பையும் தனித்தனிப் பகுதிகளாகக் காட்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கலாம், 2.3-ஐ 2.4 ஆகவும் மறுபடி பழையபடியும் மாற்றலாம். 'கணினியில் சரி, காரில் தவறு' என்ற வகைச் சிக்கலுக்கு முதலில் திறக்க வேண்டியது இதைத்தான்.

பாடல் எது என்றே தெரியவில்லை என்றால் மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட். இதைப் பற்றிக் கீழே தனியாக.

கட்டளை வரியில் பழகியவர்களுக்கு பீட்ஸ். திறமையான கருவிதான். ஆனால் அது டேக் திருத்துவதோடு நிற்காது; நூலகத்தையே தன் ஒழுங்குக்குக் கொண்டுவரும், இறக்குமதி செய்யும்போது கோப்புகளைத் தன் கோப்புறைக்கு நகலெடுக்கும். அமைப்புக் கோப்பைப் படிக்காமல் ஓட்டக் கூடாது.

இந்தப் பெயர்களின் பின்னால் ஒரு சங்கதி. பிக்கார்ட், பட்டில்டேக், பீட்ஸ் ஆகியவை டேக் எழுத நம்பியிருப்பது முட்டாஜென் என்ற ஒரே நிரல் நூலகத்தை (பல மென்பொருள்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்). கிட்3 பயன்படுத்துவது டேக்லிப். எனவே 'எது கோப்பைப் பத்திரமாக எழுதும்' என்று இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பெரிய பொருளில்லை. ஒப்பிட வேண்டியது முகப்பையும் முன்னோட்டத்தையும்தான்.

கோப்பைப் பதிவேற்றினால் டேக்கை மாற்றித் தரும் இணையதளங்களைத் தவிர்க்கலாம். கணினியிலேயே நொடியில் நடக்கும் வேலைக்கு முழுப் பாடலையும் அனுப்பித் திரும்ப வாங்குவது வீண்.

## ஒரு கோப்புறையைத் திருத்துவது எப்படி

பதினான்கு கோப்புகள். பெயர்கள் எல்லாம் '03_மீனா - மழைக்காலம்_128' என்ற அச்சில் இருக்கின்றன. டேக் காலி.

1. கோப்புறையை முழுவதும் நகலெடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். எழுதும் நடுவில் மின்சாரம் நின்றால் கோப்பு பழுதாகலாம். எந்த மென்பொருளும் இதற்கு விதிவிலக்கில்லை.
2. கோப்புப் பெயரிலிருந்து டேக் எடுக்கும் வசதியைத் திறந்து, பெயரின் அச்சை அப்படியே வடிவமாக எழுத வேண்டும்: தட எண், அடிக்கோடு, கலைஞர், இடைவெளி-சிறுகோடு-இடைவெளி, தலைப்பு, மறுபடி அடிக்கோடு, கடைசியில் வேண்டாத பகுதி. அந்த '128'-ஐ எந்தப் புலத்திலும் சேர்க்காமல் விடுவதற்கென்று ஒரு வெற்றுப் புலம் இருக்கும்.
3. முன்னோட்டத்தில் பதினான்கு வரிகளையும் பார்க்க வேண்டும். முதல் வரி சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. ஒரு தலைப்பிலேயே சிறுகோடு இருந்தால் கலைஞர் பெயரும் தலைப்பும் தவறான இடத்தில் பிரியலாம். அந்த ஒன்றிரண்டைக் கையால் திருத்துவது, எல்லாவற்றுக்கும் பொருந்தும் வடிவத்தைத் தேடி மணிக்கணக்கில் உட்காருவதைவிட வேகமானது.
4. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஆல்பம், ஆல்பம் கலைஞர், ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரே தடவையில் இட வேண்டும்.
5. டேக் சரியான பிறகு, அதிலிருந்து கோப்புப் பெயரை உருவாக்க வேண்டும். தட எண்ணை இரண்டு இலக்கமாக வைத்தால், பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் கருவிகளிலும் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்காது.

எந்தப் பதிப்பில் எழுதுவது என்ற கேள்வி இங்கே வரும். பழைய கருவிகள் எதிலாவது பாடல் கேட்பவராக இருந்தால் 2.3, யூடிஎஃப்-16. விண்டோஸின் சொந்தக் கோப்பு உலாவியே 2017-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்புக்கு முன்பு 2.4-ஐப் படிக்கவில்லை. பழைய கருவி எதுவும் இல்லையென்றால் 2.4. தமிழ் டேக்குகளுக்கு முதல் பதிப்பை எழுதாமல் இருப்பதோடு, ஏற்கெனவே இருந்தால் நீக்கிவிடவும் செய்யலாம். அந்த 30 பைட்டால் தமிழுக்கு நன்மை எதுவும் இல்லை.

## தானாக நிரப்பும் கருவியை எவ்வளவு நம்பலாம்

பிக்கார்ட் வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. பாடலின் முதல் இரண்டு நிமிட ஒலியை ஆராய்ந்து ஒரு கைரேகையைக் கணக்கிடுகிறது. அந்தக் கைரேகை மட்டுமே அக்கூஸ்ட்ஐடி என்ற சேவைக்குப் போகிறது, பாடல் போவதில்லை. அங்கே பொருத்தம் கிடைத்தால், மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்திலிருந்து விவரங்கள் வருகின்றன. டேக்கே இல்லாத, 'டிராக் 07' என்று மட்டும் பெயருள்ள கோப்பையும் இப்படி அடையாளம் காணலாம். பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிய பிறகே எழுதும். முன்னே சொன்ன அளவுகோலில் இது நன்றாகவே தேறுகிறது.

ஆனால் அந்தத் தரவுத்தளம் தன்னார்வலர்கள் கையால் நிரப்பியது. யாராவது பதிந்திருந்தால்தான் இருக்கும். தமிழ்ப் பாடல் தலைப்பு தமிழ் எழுத்தில் வருமா, லத்தீன் எழுத்தில் வருமா என்பது பதிந்தவர் கையில். ஒரே பாடல் மூல ஆல்பத்திலும் பத்துத் திரட்டுகளிலும் வெளியாகியிருக்கும். ஒலி ஒன்றே என்பதால் கைரேகைக்கு அந்த வேறுபாடு தெரியாது. உதிரிப் பாடல்களைக் கொண்டுபோய்க் கொட்டினால் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் ஆல்பத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிக்கார்ட் முழு ஆல்பங்களை முன்வைத்துச் செய்யப்பட்ட கருவி. ஓர் ஆல்பத்தின் கோப்புறையை மொத்தமாகக் கொடுத்து, எந்த வெளியீடு என்பதை நாமே தேர்ந்தெடுத்தால் அருமையாக வேலை செய்யும். ஐயாயிரம் கோப்புகளை ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று இறங்குபவருக்கு, முன்பு இருந்த குழப்பத்துக்குப் பதில் புதிய குழப்பம் கிடைக்கும். சேமித்த பிறகு பழைய டேக்கைத் திரும்பக் கொண்டுவர நகல் ஒன்றே வழி.

## அட்டைப்படமும் அதன் எடையும்

அட்டைப்படம் ஒவ்வொரு பாடலுக்குள்ளும் தனித்தனியாக ஒட்டப்படும். 3 எம்பி படத்தைப் பதினான்கு பாடல்களில் வைத்தால் 42 எம்பி, ஒரே படத்துக்கு. 500 முதல் 1,000 பிக்சல் அகலமுள்ள ஜேபெக் படம் எந்தத் திரைக்கும் போதும்.

இதில் ஒரு பக்க விளைவும் உண்டு. டேக் மென்பொருள்கள் டேக்குக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டுவைக்கும். சின்னத் திருத்தம் அந்த வெற்றிடத்துக்குள் அடங்கினால் சேமிப்பு நொடியில் முடியும். பெரிய படத்தைச் சேர்த்தால் அது நிரம்பிவிடும்; பிறகு முழுக் கோப்பையும் தள்ளி எழுத வேண்டும். பெரிய ஃபிளாக் நூலகத்தில் முதல் சேமிப்பு மெதுவாகவும் அடுத்தவை வேகமாகவும் நடப்பது இதனால்தான்.

## திருத்திய பிறகு என்னென்ன அசையும்

டேக் மாறினால் கோப்பு மாறியதாகவே கணக்கு. மேகச் சேமிப்பில் வைத்திருக்கும் நூலகம் மறுபடி பதிவேற்றப்படலாம். மாற்றிய தேதி புதிதாகும். 'அண்மையில் சேர்த்தவை' என்ற பட்டியல் அந்தத் தேதியை நம்பியிருந்தால், பழைய பாடல்கள் எல்லாம் மேலே வந்துவிடும். எம்பி3டேக்கில் மாற்றிய தேதியைக் காப்பாற்றும் தேர்வு அமைப்பில் இருக்கிறது. ஆனால் அதை இயக்கினால், தேதியைப் பார்த்தே மாற்றத்தை அறியும் சில பிளேயர்களும் காப்பு மென்பொருள்களும் திருத்தத்தைக் கவனிக்காமல் போகும். இரண்டில் எது தொல்லை குறைவு என்பது அவரவர் பிளேயரைப் பொறுத்தது.

நட்சத்திர மதிப்பீடும் கேட்ட எண்ணிக்கையும் பெரும்பாலும் பிளேயரின் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன, கோப்பின் இருப்பிடத்தோடு கட்டப்பட்டு. பாடல் பட்டியல்களும் அப்படியே. டேக் மாறுவதால் இவை உடையாது. கோப்பின் பெயரோ கோப்புறையோ மாறினால் உடையும். பல ஆண்டுகளாகச் சேர்த்த மதிப்பீடுகள் இருந்தால், டேக்கை மட்டும் திருத்திக் கோப்புப் பெயரைத் தொடாமல் விடுவது நல்லது. அல்லது பெயர் மாற்றத்தை அந்தப் பிளேயரின் உள்ளிருந்தே செய்ய வேண்டும், அதற்கு அந்த வசதி இருந்தால்.